எத்தனை கிலோ?

கழுகுமலைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பாட்டி. கவுண்டரில் ஐம்பது ரூபாயை வைத்து, "பேரனுக்கு மேலு சுடுது தாயி, காச்ச மருந்து ஒண்ணு குடு" என்றார்.

"புள்ள எத்தனை கிலோ பாட்டி?"

ஏற இறங்கப் பார்த்தார். "ஏன், நான் என்ன அவன விலைக்கா போடப் போறேன்?"

கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். முதலாளி அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்தபடியே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'கிலோக்கா'. பஸ் ஸ்டாண்ட் ஆட்டோத் தம்பிகள் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

கோவில்பட்டியில் ஒரு மெடிக்கலில் பதினாலு வருஷமாக நிற்கிறேன். டி.பார்ம் படித்தவள், டாக்டர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் வயதைத்தான் சொல்வார்கள். "ஒண்ணரை வயசு." "நாலு முடிஞ்சு அஞ்சு நடக்கு." சிலர் கையைத் தரையிலிருந்து தூக்கி "இந்தா, இம்புட்டு உசரம்" என்று காட்டுவார்கள். மருந்துக்கு வயதும் தெரியாது, உயரமும் தெரியாது. ஒரே அங்கன்வாடியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சத்துமாவு சாப்பிடுகிற மூன்று வயதுப் பிள்ளைகள் இரண்டில் ஒன்று பத்தரை கிலோ இருக்கும், மற்றது பதினாறு இருக்கும். இரண்டுக்கும் ஒரே அளவு கொடுத்தால், ஒன்றுக்குக் காய்ச்சல் விடாது, அல்லது இன்னொன்றுக்கு மருந்து கூடிப்போகும்.

அதனால் கவுண்டருக்குக் கீழே ஓர் எடை மெஷின் வைத்திருக்கிறேன். என் காசில் வாங்கியது. அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறுவார். பிறகு பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தனியாக ஏறுவார். கழித்தால் மிச்சம் பிள்ளை. இதில் ஒரே ஒரு சங்கடம்தான். இரண்டாவது தடவை ஏறும்போது பாதிப் பேர் "மெஷின் ரிப்பேர் போல இருக்குக்கா" என்பார்கள்.

கணக்கு சின்னது. பாரசிட்டமால் ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் நாலு மணி நேரமாவது இருக்க வேண்டும். ஆறு மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது. ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல் கிடையாது. பத்து கிலோ பிள்ளை என்றால் வேளைக்கு அதிகபட்சம் 150 மில்லிகிராம். இதுவரைக்கும் யாருக்கும் குழப்பம் வராது. பாட்டிலைக் கையில் எடுத்த பிறகுதான் குழப்பமே.

எங்கள் அலமாரியில் பாரசிட்டமால் மூன்று விதமாக இருக்கிறது. சொட்டு மருந்து 15 மில்லி குட்டி பாட்டிலில் வரும். அதில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். அடுத்தது சாதா சிரப். 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம். மூன்றாவது 'டி.எஸ்.', 'ஃபோர்ட்' என்றோ, பெயருக்குப் பின்னால் 250 என்றோ போட்டு வருவது. அது 5 மில்லிக்கு 240 அல்லது 250. நம்முடைய பத்து கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம் வேண்டும் என்றால் சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி, 125 சிரப்பில் 6 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி. பிள்ளை ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான், ஆனால் மூன்று அளவு. "போன தடவை டாக்டர் அஞ்சு எம்.எல். சொன்னார்" என்று வருகிறவர்களிடம் எந்தப் பாட்டில் என்று கேட்டால், "அதான், அந்த ரோஸ் கலர்" என்பார்கள். எல்லாமே ரோஸ் கலர்தான் அம்மா.

இதில் ஆகக் குட்டியாக இருக்கிற சொட்டு மருந்துதான் ஆகக் கெட்டியானது. பார்க்கக் குட்டியாக இருப்பதால், அது சின்னப் பிள்ளைக்கான லேசான மருந்து என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது கைக்குழந்தையின் வாயில் குறைவாக ஊற்றினால் போதும் என்பதற்காக அடர்த்தியாகச் செய்தது. அதை சிரப் மாதிரி 5 மில்லி ஊற்றிவிட்டால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். பெரியவர்கள் போடுகிற முழு மாத்திரை ஒன்று, ஏழெட்டு கிலோ குழந்தையின் வயிற்றுக்குள்.

இதையெல்லாம் நான் கல்லூரியில் படித்தேன், பாஸும் பண்ணினேன். ஆனால் நான் 'கிலோக்கா' ஆனது அங்கே இல்லை, என் வீட்டு அடுப்படியில்.

2017 அக்டோபர். தமிழ்நாடு முழுக்க டெங்கு. பஸ் ஸ்டாண்ட் பக்கம் அண்டாவில் நிலவேம்புக் குடிநீர் ஊற்றுவார்கள், எங்கள் கடையில் ராத்திரி பத்தரைக்கும் கூட்டம் கலையாது. என் மகளுக்கு அப்போது பதினாலு மாசம், ஒன்பது கிலோ. ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரர் போன் பண்ணினார். "பாப்பாவுக்கு மேலு சுடுது. நூத்தி ஒண்ணு காட்டுது. மருந்து எவ்ளோ குடுக்கணும்?"

கவுண்டரில் எட்டுப் பேர் நிற்கிறார்கள். போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை எண்ணிக்கொண்டே சொன்னேன்: "ஃபிரிட்ஜ்ல இருக்கு பாருங்க. அஞ்சு எம்.எல்., ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா."

(காய்ச்சல் மருந்தை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியதே இல்லை. எங்கள் வீட்டில் சாவிக்கொத்து தவிர எல்லாமே ஃபிரிட்ஜுக்குள்தான் போகும்.)

என் மனதில் இருந்தது 125 பாட்டில். அதில் 5 மில்லி ஒன்பது கிலோவுக்குச் சரியாகவே இருந்திருக்கும். ஆனால் அந்தப் பாட்டில் முந்தின வாரமே தீர்ந்திருக்கிறது. ஃபிரிட்ஜில் இருந்தது, ஆயுத பூஜை லீவுக்கு வந்த நாத்தனார் தன் ஆறு வயது மகனுக்கு வாங்கி, பாதியில் விட்டுப்போன 250. கம்பெனி அதேதான், நிறமும் வாசனையும் அதேதான். பெயருக்குக் கீழே இருக்கிற எண் மட்டும் வேறு. வீட்டுக்காரர் அந்த எண்ணைப் பார்க்கவில்லை. நான் பார்க்கச் சொல்லவும் இல்லை.

அவர் சொன்ன சொல் தவறாத மனிதர். மத்தியானம் ரெண்டு மணி, ராத்திரி எட்டு மணி என்று கொடுத்திருக்கிறார். நான் பதினோரு மணிக்கு வந்து பிணம் மாதிரி விழுந்துவிட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை எழுப்பி மூன்றாவது வேளையும் கொடுத்திருக்கிறார், என்னை எழுப்பாமல். காலையில் நான் ஏழு மணிக்கே கடைக்கு ஓடிய பிறகு எட்டு மணிக்கு நாலாவது. இதற்கு நடுவில் அத்தை, "புள்ளைக்கு மூக்கு ஒழுகுதே" என்று, அதுவும் நாத்தனார் விட்டுப்போனதுதான், ஒரு சளி சிரப்பை அரை மூடி அரை மூடியாக மூன்று தரம் கொடுத்திருக்கிறார். அத்தை இவரிடம் சொல்லவில்லை. இவரும் அத்தையிடம் கேட்கவில்லை. காய்ச்சல் மருந்து இவர் இலாகா, சளி மருந்து அத்தை இலாகா.

ஞாயிற்றுக்கிழமை கடை அரை நாள். ரெண்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைகிறேன், இவர் அஞ்சாவது வேளையை மூடியில் ஊற்றிக்கொண்டிருக்கிறார். பாட்டிலைப் பார்த்தேன். பக்கத்தில் சளி சிரப்பைப் பார்த்தேன். அதன் முதுகில் பொடி எழுத்தில் மூன்று மருந்துகள். அதில் ஒன்று பாரசிட்டமால், 5 மில்லிக்கு 125.

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். 250 நாலு தரம், ஆயிரம். சளி சிரப்பில் 62.5 மூன்று தரம், 187. ஒன்பது கிலோவால் வகுத்தால் ஒரே நாளில் கிலோவுக்கு 132 மில்லிகிராம். கிலோவுக்கு 60-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தத் தாளில் இருந்த தேதியும் நல்ல நேரமும் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

பாப்பா அப்போது தரையில் உட்கார்ந்து டிபன் டப்பா மூடியைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான இருக்கா, காச்சலே இல்லையே" என்றார் அத்தை. பாரசிட்டமால் அதிகமானால் பயங்கரமே இதுதான். முதல் நாள் பிள்ளை நன்றாகவே இருக்கும். மிஞ்சினால் கொஞ்சம் வாந்தி, கொஞ்சம் சோர்வு. கல்லீரல் இந்த மருந்தை உடைக்கும்போது ஒரு சின்னப் பங்கு விஷமாக மாறுகிறது. அதைக் குளூட்டாதயோன் என்று ஒரு சரக்கை வைத்துக் கல்லீரல் தானே அடக்கிவிடும். மருந்து அளவுக்கு மீறி வந்துகொண்டே இருந்தால் அந்தச் சரக்கு தீர்ந்துபோகும். பிறகு அடி கல்லீரலுக்குத்தான். வயிற்று வலியும் மஞ்சளும் ரெண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் வெளியே தெரியும். இதற்கு மாற்று மருந்து உண்டு, அசிட்டைல்சிஸ்டீன். மொத்தமாகக் குடித்துவிட்ட பிள்ளைக்கு எட்டு மணி நேரத்துக்குள் அதை ஆரம்பித்துவிட்டால் கல்லீரலைக் காப்பாற்றுவது எளிது. அதனால் அளவு கூடியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் பிள்ளை சிரிக்கிறதா அழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பாட்டில் முக்கியம். அங்கே போய் "ரோஸ் கலர்" என்று சொல்லி நிற்கக் கூடாது.

கிளம்பினோம். டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார், பாட்டில்களைப் பார்த்தார், பிள்ளையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க என்ன பண்றீங்கம்மா?" என்றார்.

"வீட்லதான் சார் இருக்கேன்."

எப்படி அந்தப் பொய் வந்தது என்று தெரியவில்லை. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் சாயங்காலம் இன்னொரு தடவை எடுத்தார்கள். கல்லீரல் இரண்டு தடவையும் சரியாகவே இருந்தது. "ஒரு நாளோட கண்டுபிடிச்சிட்டீங்க. இதே மாதிரி மூணு நாள் போயிருந்தா வேற கதை" என்றார்.

நாலு மாசம் கழித்து தடுப்பூசிக்குப் போனபோது மனசு கேட்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, "தெரியும்மா. அன்னைக்கு ரத்தம் எடுக்கும்போது எஸ்.ஜி.பி.டி.யோட பி.டி.யும் பாத்துடலாமா சார்னு கேட்டது நீங்கதான. வீட்ல இருக்கவங்க யாரும் பி.டி. கேக்க மாட்டாங்க" என்றார். (எஸ்.ஜி.பி.டி. கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை. பி.டி. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது.)

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சில பழக்கங்கள் வந்தன. மருந்து வாங்கிய அன்றே பாட்டிலில் மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதிவிடுவேன்: யாருக்கு, எத்தனை கிலோவுக்கு, எத்தனை மில்லி. எடை கூடினால் அடித்து மாற்றி எழுத வேண்டும். காலண்டர் தாள் ஒன்று ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தோடு தொங்கும். யார் எது கொடுத்தாலும், கஷாயமாக இருந்தாலும், நேரத்தைப் போட்டு எழுத வேண்டும். அத்தைக்கு எழுத வராது, அதனால் ஒரு கோடு போடுவார். கோடு இருந்தால் அத்தை கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். காய்ச்சல் மருந்துக்கு அலாரமும் கிடையாது. பிள்ளை நிம்மதியாகத் தூங்கினால் தூங்கட்டும். தூக்கத்தைக் கெடுத்துக் கொடுக்கிற மருந்து இல்லை அது.

அளக்கிற விஷயத்துக்கு வருகிறேன். "ஒரு ஸ்பூன் குடுங்க" என்பதைக் கேட்டால் இப்போதும் எனக்கு எரிச்சல் வரும். ஒருநாள் வீட்டிலிருந்து ஆறு கரண்டிகளைக் கடைக்குக் கொண்டுபோய் சிரிஞ்சால் தண்ணீர் விட்டு அளந்தேன். காபிக் கரண்டியில் மூன்று மில்லிதான் பிடித்தது. கல்யாணச் சீரில் வந்த பெரிய ஸ்பூனில் ஏழரை. கைக்குழந்தைக்குப் பாலாடையில் கொடுக்கிற வீடுகள் இங்கே இன்னும் நிறைய இருக்கின்றன. பாலுக்கு அது அருமையான சாமான். மருந்தை அதில் கண்ணளவாக ஊற்றினால் எவ்வளவு போகிறது என்று அந்தக் கிருஷ்ணனுக்கே தெரியாது. அளவு மூடியும் முழுசாக நம்பக்கூடியது இல்லை. ஒரு பாட்டில் மூடி இன்னொரு பாட்டிலுக்குப் போய்விடும், கோடுகள் வேறு வேறாக இருக்கும், நின்றபடி மேலிருந்து பார்த்து ஊற்றினால் கோடு தப்பாகத் தெரியும். ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று போதும். சில்லறைக் காசுதான் ஆகும். பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டு, சிரிஞ்சில் இழுத்து, பிள்ளையின் கன்னத்துப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். நேரே தொண்டைக்குள் பீய்ச்சினால் புரை ஏறும். "ஊசியா?" என்று முதலில் மிரள்வார்கள். ஒரு தடவை செய்து காட்டினால் அப்புறம் மூடிப் பக்கம் போக மாட்டார்கள்.

பழைய கைப்பழக்கம் இன்னொன்று, மாத்திரையில் கால் வாசி உடைப்பது. எங்கள் அம்மா காலத்தில் வீட்டில் இருந்தது 500 மில்லிகிராம் மாத்திரை. கால் என்றால் 125. கொரோனாவுக்குப் பிறகு எந்த வீட்டைத் திறந்தாலும் 650-தான். அதில் கால் 162. உடைக்கும்போது ஒரு பக்கம் பெரிதாக உடைந்தால் அது 200-கூட ஆகும். ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போய் வந்த ஐந்து கிலோக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 75-க்கு மேல் வேண்டாம். ஆகவே தடுப்பூசி போடும் இடத்திலேயே எந்த மருந்து, எத்தனை மில்லி என்று தடுப்பூசி அட்டையில் எழுதி வாங்கிவிடுங்கள். கேட்டால் எழுதித் தருவார்கள். தடுப்பூசி எதுவும் போடாத நேரத்தில், மூன்று மாதத்துக்குள் இருக்கிற குழந்தைக்கு 100.4-ஐத் தொட்டுக் காய்ச்சல் வந்தால் என்னிடம் வராதீர்கள். நேரே ஆஸ்பத்திரி.

சளி சிரப் என்று வீட்டில் நடந்ததைச் சொன்னேன். 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போன செய்தி வந்தபோது, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான சிரப் அது என்றதும் இங்கே ஒரு வாரம் கடையே அல்லோலகல்லோலப்பட்டது. நம் அரசின் பரிசோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. மருந்தில் இருக்கவே கூடாத தொழிற்சாலை ரசாயனம். பையில் பழைய பாட்டில்களைப் போட்டுக்கொண்டு "இதுல அது இருக்கா?" என்று வந்தார்கள். பார்த்துச் சொல்ல எனக்கு வழியில்லை, அது சோதனைக்கூடத்தில்தான் தெரியும். ஆனால் அந்த ஒரு வாரம் இந்த ஊரில் ஜனங்கள் பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தார்கள். வாழ்நாளில் முதல் தடவையாகப் படித்தார்கள். ஒரு பெண், "அக்கா, காச்ச மருந்துலயும் பாரசிட்டமால், சளி மருந்துலயும் பாரசிட்டமால் போட்டிருக்கே, ரெண்டையும் சேத்துல்ல குடுத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். நான் அவரைக் கட்டிப் பிடிக்காத குறை. அப்படிப்பட்ட சளி சிரப்புகள் நிறையவற்றில் இருக்கிற குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் என்ற இரண்டு சளி மருந்துகளின் கலவையை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே அச்சடிக்கச் சொல்லி 2023 டிசம்பரிலேயே உத்தரவு வந்துவிட்டது. ஒழுகுகிற மூக்குக்கு உப்புத் தண்ணீர்ச் சொட்டு போதும்.

பாரசிட்டமால் வேறு வேஷங்களிலும் வரும். ஆஸ்பத்திரியில் ஆசனவாயில் வைக்கிற மருந்தும் அதுதான். வைத்துவிட்டு அனுப்பியிருப்பார்கள், வீட்டுக்கு வந்ததும் ஆயா ஒரு மூடி சிரப் கொடுப்பார். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள் பெட்டியில் டைலெனால் வைத்திருப்பார்கள். அதில் அசிட்டமினோபென் என்று இருக்கும். பெயர்தான் வேறு, சரக்கு பாரசிட்டமாலேதான். 5 மில்லிக்கு 160. நம் ஊர் பாட்டில் எதனோடும் அந்த அளவு ஒத்துப்போகாது.

"அது கேக்கல, வேற ஸ்ட்ராங்கா குடுங்க" என்பது அடுத்தது. ஸ்ட்ராங் என்று அவர்கள் கேட்பது இபுப்ரோஃபென் அல்லது மெஃபனமிக் ஆசிட். நான் சீட்டு இல்லாமல் தருவதில்லை, இதில் அண்ணாச்சிக்கும் எனக்கும் மாதம் ஒரு சண்டை. இபுப்ரோஃபென் கெட்ட மருந்து இல்லை. ஆறு மாதத்துக்கு மேல், டாக்டர் பார்த்து, கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம் என்று, சாப்பிட்ட வயிற்றில் கொடுத்தால் நன்றாகவே கேட்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வருகிற காய்ச்சல் டெங்குவா இல்லையா என்று முதல் ரெண்டு நாளில் யாருக்குத் தெரியும்? டெங்குவில் தட்டணுக்கள் இறங்குகிற நேரத்தில் இந்த வகை மருந்து ரத்தக் கசிவைக் கூட்டும். வாந்தி பேதியில் வற்றிப்போன பிள்ளைக்குச் சிறுநீரகத்தில் கை வைக்கும். அம்மை போட்ட பிள்ளைக்கும் ஆகாது. பாரசிட்டமாலையும் இபுப்ரோஃபெனையும் ஒரே சிரப்பில் கலந்து விற்பதும் உண்டு. பெயருக்குப் பின்னால் 'பிளஸ்' என்று ஒட்டியிருந்தால் அந்த பிளஸ் என்ன என்று கேளுங்கள். மெஃபனமிக் ஆசிட் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை கொடுக்கிறது என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது.

நான் கடையில் சேர்ந்த 2011-ல்தான் பன்னிரண்டு வயதுக்குக் கீழே நிமிசுலைடு என்ற இன்னொரு காய்ச்சல் மருந்து கூடாது என்று தடை வந்தது. அதுவரை அந்த சிரப் அப்படிப் போய்க்கொண்டிருந்தது. "அரை மணி நேரத்துல ஐஸ் மாதிரி ஆயிரும்" என்பார்கள். தடை வந்த பிறகும் ரெண்டு வருஷம் அதைக் கேட்டு வந்தவர்கள் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் பேச்சே வேண்டாம். ரேய் சிண்ட்ரோம் என்று மூளையையும் கல்லீரலையும் சேர்த்துத் தாக்குகிற ஒன்று அதனால் வரக்கூடும்.

இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரு பயம்தான். ஜன்னி. "ஜன்னி வந்துரும்" என்ற ஒரு சொல் போதும், எங்கள் ஊரில் எந்த அம்மாவும் இன்னொரு மூடி ஊற்றிவிடுவாள். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வரும், உண்மைதான். பார்க்கிறவர்களின் உயிர் போய்விடும். ஆனால் காய்ச்சல் மருந்தை விடாமல் கொடுப்பதால் அந்த வலிப்பு வராமல் போவதில்லை என்று பல ஆய்வுகள் பார்த்துச் சொல்லிவிட்டன. மருந்து கொடுப்பது பிள்ளைக்கு உடம்பு வலி குறைந்து, ரெண்டு வாய் கஞ்சி குடித்து, கண்ணை மூடித் தூங்கத்தான். தெர்மாமீட்டரில் 98.6 வர வைப்பதற்காக இல்லை. "மருந்து குடுத்தும் நூறு இருக்கேக்கா" என்று வருவார்கள். இடுப்பில் இருக்கிற பிள்ளை என் கவுண்டரில் இருக்கும் மிட்டாய் பாட்டிலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். அந்த நூறு இருந்துவிட்டுப் போகட்டும்.

விளையாடாமல் துவண்டு கிடந்தால், ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாமல் இருந்தால், மூச்சு வாங்கினால், மூன்று நாள் தாண்டினால், காய்ச்சல் விட்ட பிறகு பிள்ளை இன்னும் சோர்ந்து வயிறு வலிக்கிறது என்றால், அதற்கு என் அலமாரியில் மருந்து இல்லை. டெங்குவில் ஆபத்தே காய்ச்சல் விட்ட பிறகுதான். 'காய்ச்சல்தான் விட்டுருச்சே' என்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய வீடுகளை எனக்குத் தெரியும்.

கழுகுமலைப் பாட்டி போன வாரம் மறுபடி வந்தார். என்னைப் பார்த்ததும் கேட்கும் முன்பே முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். கடலை மண்டி ரசீது. பின்பக்கம் நீல மையில் 13-400 என்று எழுதியிருந்தது.

"மண்டியில தராசுல நிறுத்திட்டு வந்தேன். கணக்கப்புள்ள எழுதிக் குடுத்தாரு."

"சாக்கு எடை கழிச்சாச்சா பாட்டி?"

"சாக்குல எதுக்குடி போடுறேன்? சட்ட நிக்கரோட அப்படியே உக்கார வச்சேன்."

சட்டை, நிக்கருக்கு நானூறு கிராமைத் தள்ளினேன். பதிமூன்று கிலோ. 240 பாட்டிலை எடுத்து, மார்க்கரால் '13 கிலோ, 4 மில்லி' என்று எழுதி, சிரிஞ்சில் 4 மில்லிக் கோட்டில் சிவப்பு நூலைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தேன். பாட்டிக்கு எண் படிக்கத் தெரியாது. நூல் தெரியும்.